மூன்றாவது ரிங்கு

பிரீத்தி என்னிடம் நூறு சொல்தான் கேட்டாள். கம்பெனியின் இணையப் பக்கத்தில் "எங்கள் கைகள்" என்று ஒரு பகுதி வைக்கப்போகிறாளாம். ஓய்வு பெற்ற லூர்தக்காவான நான் தங்க நூல் கட்டுவது பற்றி நாலு குறிப்பு எழுதித் தர வேண்டும், கூடவே சிரித்த முகமாக ஒரு போட்டோ. போட்டோவை அன்றைக்கே அனுப்பிவிட்டேன். வாயை மூடிக்கொண்டு சிரித்திருக்கிறேன், பல்லெல்லாம் வெற்றிலைக் கறை. எழுத உட்கார்ந்தால்தான் வம்பு. நூறு சொல் அவளுடைய புருஷனைப் பற்றிச் சொல்லவே பத்தாது. அவர்தான் இன்றைய முதலாளி. எனவே முழுசாக எழுதுகிறேன், வேண்டியதை அவள் வெட்டி எடுத்துக்கொள்ளட்டும்.

திண்டுக்கல் என்றால் பூட்டு, பிரியாணி. இங்கே மீன் பிடிக்கிற ராடு செய்கிறோம் என்றால் சொந்தக்காரர்களே நம்ப மாட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் நாத்தனார் கேட்டாள்: "குடிக்கிற தண்ணியே லாரில வருது. இதுல மீனு எங்கிட்டுடி பிடிக்கப் போறீக?" நியாயமான கேள்விதான். பெரிய முதலாளி கப்பலில் வேலை பார்த்தவர். கரைக்கு வந்தவர் தூண்டில் பைத்தியத்தையும் கூடவே கூட்டிவந்துவிட்டார். நத்தம் ரோட்டில் ஒரு பூட்டுப் பட்டறைக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டார். கேட்கிறவர்களின் கைக்கும் உயரத்துக்கும் ஏற்ற மாதிரி ராடு செய்து வெளிநாட்டுக்கு அனுப்பினார். உள்ளூரில் வாங்கியவர்கள், கொடைக்கானலில் பங்களா வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாதவர்கள்.

நான் அதற்கு முன் பூ மார்க்கெட்டில் பூக்கட்டிக்கொண்டிருந்தேன். பெரிய முதலாளியின் வீட்டம்மா கோயில் தேருக்கு மாலை வாங்க வந்தபோது என் விரல் ஓடுகிற வேகத்தைப் பார்த்துக் கூப்பிட்டுப் போனார். பூக்கட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாழைநார் காய்ந்தால் அறுந்துவிடும், அதனால் விரல் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம் இருந்தால் அதில் தொடுவோம், தள்ளி இருந்தால் நாக்கில் தொடுவோம். சாமிக்குப் போகிற பூவுக்குமா என்று கேட்காதீர்கள். இந்தப் பழக்கத்தை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

தொழில் கற்றதை நீட்ட மாட்டேன். ஆறு மாதம் நான் கட்டியதை எல்லாம் பிளேடு போட்டு உரித்தார்கள், ஏழாம் மாதம் உரிக்கவில்லை. அவ்வளவுதான் என் படிப்பு.

உரித்தவர் சந்தியாகு அண்ணன். கொட்டகைக்கு மேஸ்திரி. பாதி வாழ்க்கை பூட்டுக்கு அரம் போட்டவர். குள்ளம், காதில் மயிர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு பிளேடு. அவரிடம் ஒரு விசித்திரம், வேலைக்காரர்களைத் திட்ட மாட்டார். நம் முகத்தைப் பார்த்தே பேச மாட்டார். பேசுவதெல்லாம் ராடிடம்தான். நாம் கட்டியதை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரல் நகத்தால் தடவுவார். எங்காவது நூல் விலகி நகம் தட்டினால் போச்சு.

"ஏலே அப்பு, உன்னைய நம்பித்தானடா இவ கையில குடுத்தேன். இப்பிடிப் பல்லு போன கெழவனாட்டம் ஆக்கிட்டாளே! வலிக்குதா? செத்த நேரம் பொறு, உரிச்சு விடுறேன்."

பக்கத்தில் நிற்கிற நமக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும். முகத்துக்கு நேரே திட்டுகிறவனிடம் பதிலுக்குப் பதில் பேசலாம். ராடிடம் குறை சொல்கிறவரை என்ன செய்வது? ராடும் நமக்காகப் பரிந்து பேசாது.

அவர் முறையைச் சொல்கிறேன், இதையாவது பிரீத்தி போடலாம். தூண்டில் நூல் ஓடுகிற ரிங்குகளை வரிசையாக ராடில் வைத்து நூலால் இறுக்கிக் கட்டுவதுதான் எங்கள் வேலை. ஒவ்வொரு ரிங்குக்கும் தட்டையாக ஒரு கால் இருக்கும். அந்தக் காலின் நுனியை அரத்தால் சீவிச் சரிவாக்க வேண்டும். இல்லாவிட்டால் நூல் ஏறுகிற இடத்தில் படி விழும். நூல்கண்டு ஒரு டம்ளரில் கிடக்கும். அதிலிருந்து வரும் நூலை ஒரு தடிப் புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே விட்டு, புத்தகத்தின் மேல் பூட்டை ஏற்றி வைப்போம். நைலான் நூல் என்றால் இரண்டு பூட்டு, அம்புட்டு இறுக்கம் வேண்டும். முதலில் அந்தப் புத்தகம் மாதா கோயிலின் பழைய ஞானப்பாட்டுப் புத்தகமாக இருந்தது. கொட்டகையை மந்திரிக்க வந்த சாமியார் அதைப் பார்த்து முகம் சுளித்தார், மறுநாளே டெலிபோன் டைரக்டரிக்கு மாறினோம். இடது கையால் ராடை உருட்ட, நூல் சுற்றுக்குச் சுற்று ஒட்டிக்கொண்டு காலின் மேல் ஏற வேண்டும். கடைசி ஏழெட்டுச் சுற்றுக்கு முன்னால் வேறு நூலை மடித்து ஒரு கண்ணியாக உள்ளே வைத்து அதன் மேலேயே சுற்றி, நூலை வெட்டி, வெட்டிய நுனியைக் கண்ணிக்குள் கோத்துக் கண்ணியை இழுத்தால் நுனி சுற்றுகளுக்கு அடியில் போய் மறைந்துவிடும். முடிச்சே கிடையாது. பிறகு எபாக்சிப் பசை பூசி, மோட்டாரில் மாட்டி, காயும் வரை சுற்ற விட வேண்டும். நிறுத்தினால் பசை ஒரு பக்கமாக வழிந்து தொப்பை போட்டுவிடும்.

இனி தங்க நூல். டப்பாவில் மெட்டாலிக் என்று போட்டிருக்கும், நாங்கள் ஜிகினா என்போம். நைலான் நல்ல மருமகள், சொன்ன இடத்தில் படுக்கும். ஜிகினா அப்படி இல்லை. உள்ளே ஒரு நூல், அதன் மேல் தகடு சுற்றியிருக்கும். இழுத்தால் நீளாது, இன்னும் இழுத்தால் தகடு உரிந்து உள்நூல் பல்லைக் காட்டும். முறுக்கினால் சுருளும். வெட்டினால் நுனி பூசணிப் பூவாக விரியும், கண்ணிக்குள் நுழையவே நுழையாது. அதனால் ஜிகினாவுக்கு ஒரு பூட்டுத்தான். பிளேடும் புதுசாக இருக்க வேண்டும். அதுவும் அழகுக்காக ஓரத்தில் மூன்று சுற்று மட்டும். ரிங்கின் காலை ஜிகினாவால் பிடித்துக் கட்டக் கூடாது. இது சந்தியாகு அண்ணனின் சட்டம்.

"ஏண்ணே கூடாது?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஏலே அப்பு, இவளுக்குச் சொல்லு. முப்பது வருசமாப் பாக்குறேன், ஜிகினா ரிங்கைப் பிடிக்காது" என்றார் ராடிடம்.

ராடுத் தொழிலே எங்கள் ஊருக்கு வந்து பத்து வருஷம்தான் ஆகியிருந்தது. மிச்சம் இருபதை அவர் பூட்டுப் பட்டறையிலிருந்து கொண்டுவந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவருக்கு இன்னொரு சட்டமும் உண்டு. உள்ளே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைக்க வேண்டும். தலை எண்ணெய் நூலில் படக் கூடாது. வெற்றிலை அறவே கூடாது. ஈரமோ எண்ணெயோ அடியில் போனால் பசை பிடிக்காது. கை கழுவினேன், கொண்டையை இறுக்கிக் கட்டினேன். வெற்றிலையை மட்டும் விட முடியவில்லை. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஒரு சின்னச் சுருளைக் கடைவாயில் அடக்கிக்கொள்வேன். மெல்லாமல், துப்பாமல், முகம் மாறாமல் சாயங்காலம் வரை ஓட்டுவது ஒரு தனி வித்தை. வாயை ஊதிக் காட்டு என்று ஒரு பொம்பளையிடம் கேட்க அவருக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தில்தான் என் பிழைப்பு ஓடியது.

பெரிய முதலாளிக்கு முடியாமல் போன பிறகு பொறுப்பை மகன் எடுத்துக்கொண்டார். பிரீத்தியின் புருஷன். அப்போது கல்யாணம் ஆகவில்லை, காலேஜ் முடித்த சூடு. சின்னவர் என்போம். நல்ல மனுஷன்தான். ஆனால் எதற்கும் "முடியாது" என்று சொல்கிற சந்தியாகு அண்ணனைக் கண்டாலே அவருக்கு எரியும். அந்த நேரம் பார்த்து ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு காய்கறி மண்டிக்காரர் வந்து இறங்கினார். பொன்னுச்சாமி என்று பெயர். கழுத்தில் சங்கிலி, விரலில் நாலு மோதிரம்.

"ஏனுங்க அம்மிணி, நம்ம மாப்பிள்ளைக்கு மீன் புடிக்கறதுன்னா உசுருங்க. கலியாணச் சீர்ல வைக்கறதுக்குத் தூண்டி ஒண்ணு வேணுங்க. பூராவும் தங்கமா மின்னோணும். கருப்பு நூலு ஒரு இழை தெரியக் கூடாதுங்க" என்றார் என்னிடம்.

சந்தியாகு அண்ணன் மேசையிலிருந்த ராடைப் பார்த்தார். "கேட்டியா அப்பு? உனக்குப் பட்டுச்சேலை கட்டணுமாம். கட்டிக்கிட்டு எப்பிடித் தண்ணிக்குள்ள எறங்குவ? ரிங்கு நிக்காதே!"

சின்னவருக்கு முகம் சிவந்துவிட்டது. மண்டிக்காரரை வைத்துக்கொண்டே சொன்னார்: "அண்ணே, இன்னியோட இதை முடிச்சுக்குவோம். லூர்தக்கா பூரா ஜிகினாவிலயே கட்டட்டும். எல்லார் முன்னாலயும் பூட்டைத் தொங்கவிட்டுப் பாப்போம். தாங்கிடுச்சுன்னா இனிமே எல்லா ராடும் ஃபுல் கோல்டுதான். நீங்களும் வீட்ல ரெஸ்ட் எடுங்க. விழுந்துடுச்சுன்னா நீங்க சொல்றதுதான் இங்க சட்டம்."

அண்ணனுக்கு அந்த வேலையை விட்டால் வேறு கதியில்லை. பூட்டுப் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த நேரம். மகள் நர்சிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அவர் ராடை எடுத்து என் மேசையில் வைத்தார். "போய்ட்டு வா அப்பு" என்றார்.

என் நிலைமையைப் பாருங்கள். நன்றாகக் கட்டினால் அண்ணன் வீட்டுக்குப் போவார். மோசமாகக் கட்டினால் என் கை மேல் பழி. ஒரு ராத்திரி முழுக்க யோசித்து, ஒழுங்காகக் கட்டுவது என்று முடிவெடுத்தேன். கைக்கு ஒரு மானம் இருக்கிறதல்லவா?

முதல் ரிங்கும் இரண்டாவதும் காலையில் கட்டினேன், கண்ணாடி மாதிரி வந்தன. மூன்றாவது சோற்றுக்குப் பிறகு. கடைவாயில் சுருள். ஜிகினா அன்றைக்குப் பேய் பிடித்த மாதிரி ஆடியது. காலின் மேல் ஏறுகிற இடத்தில் விலகி விலகிப் போனது. என்னையறியாமல் விரல் நாக்குக்குப் போய்விட்டது. தொட்டு அழுத்தினேன், அழகாகப் படுத்தது. இன்னொரு முறை தொட்டேன். கடைசியில் நுனி விரிந்துகொண்டு கண்ணிக்குள் போக மறுத்தபோது, ஊசியில் நூல் கோக்கிற மாதிரி வாயில் வைத்து உறிஞ்சி எடுத்தே கோத்தேன். முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. உரித்துவிட்டு மறுபடி கட்டியிருக்க வேண்டும். ஆனால் பார்க்க அம்புட்டு நேர்த்தியாக இருந்தது. சோம்பேறித்தனம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, அதுதான் உண்மை. பசை காய்ந்த பிறகு அந்த ரிங்கின் கால் ஓரத்தில் மட்டும் கண்ணில் புரை விழுந்த மாதிரி ஒரு வெண்மை. ஜிகினா மினுக்கலில் யாருக்கும் தெரியாது என்று விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துச் சோதனை. எங்கள் கொட்டகையில் எடைக்கல் கிடையாது, விலை போகாத கோடவுன் பூட்டுகள்தான். ராடின் அடியை வைஸ் என்கிற இரும்பு இடுக்கியில் இறுக்கி, எல்லா ரிங்குகள் வழியாகவும் தூண்டில் நூலைக் கோத்து, நுனியில் பூட்டைத் தொங்கவிட வேண்டும். மண்டிக்காரர் மாப்பிள்ளையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சின்னவர் தன் கையால் முதல் பூட்டை மாட்டினார். ராடு வளைந்தது, தாங்கியது. இரண்டாவது பூட்டையும் தாங்கியது. அண்ணன் சட்டைப் பையில் இருந்த பிளேடைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்திருப்பார். மாதாவே, விழுந்து தொலையட்டும் என்று வேண்டினேன். நான் கட்டிய கட்டு அவிழ வேண்டும் என்று நானே வேண்டியது அந்த ஒரு நாள்தான்.

சின்னவர் மூன்றாவது பூட்டை மாட்டிக் கையை எடுத்தார். கீச்சென்று ஒரு சத்தம். மூன்றாவது ரிங்கு காலோடு நழுவி வெளியே வந்தது. கோத்த தூண்டில் நூல் அறுந்து ராடு துள்ளி நிமிர, பூட்டு மூன்றும் சின்னவரின் ஷூவுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தன.

மண்டிக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அது கெடக்குதுங்க. சும்மா ஒட்டிக் குடுங்க. ஷோகேஸ்ல வைக்கறதுக்குத்தானுங்க. மாப்பிள்ளைக்குத் தண்ணின்னாலே பயமுங்க." மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்புறம் உசுருன்னீங்க?" என்றேன்.

"கலியாணம் முடியற வரைக்கும் அப்படித்தானுங்க அம்மிணி சொல்லோணும்" என்றார்.

அண்ணன் ராடை வைஸிலிருந்து எடுத்து, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மூன்றாவது ரிங்கில் மிச்சமிருந்த கட்டைப் பிளேடால் உரித்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தது. உரித்த நூலைக் குப்பையில் போடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ராடைத் தட்டிக்கொடுத்தார். "ஏலே அப்பு, உள்ள இருந்தது உள்ளயே இருக்கட்டும். வெளிய வந்தா வெனை" என்றார். ஜிகினாவைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

சின்னவர் வாக்குத் தவறவில்லை. "ஜிகினா ரிங்கைப் பிடிக்காது" என்று கொட்டகைச் சுவரில் பெயிண்டில் எழுதவைத்தார். கருப்பு நைலானில் கட்டி, ஓரத்தில் மூன்று சுற்று தங்கம் வைத்துத்தான் மண்டிக்காரரின் ராடு போனது. அது பிடித்துப்போய், பிறகு எல்லா ராடுக்கும் அதே மூன்று சுற்று. இன்று பிரீத்தி அதை "எங்கள் அடையாளம்" என்கிறாள். அண்ணன் இன்னும் பன்னிரண்டு வருஷம் மேஸ்திரியாக இருந்தார். மகள் நர்ஸ் ஆனாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என் வேலை போகும். அவர் சட்டமும் போகும், சட்டத்தோடு அவரும் போவார். ஆனால் சுவரில் அந்த எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குறுகுறுக்கும். ஜிகினா பிடிக்கவில்லையா, என் எச்சில் பிடிக்கவிடவில்லையா? ஈஸ்டருக்கு முந்தின ஒரு தபசு காலத்தில் பாவசங்கீர்த்தனத்திலேயே சொல்லிப் பார்த்தேன். "சாமி, நாக்குல தொட்டு ரிங்கு கட்டிப்புட்டேன்." சாமியார், "அதெல்லாம் பாவத்துல வராதும்மா, அடுத்தது சொல்லு" என்றார். தொழில் தெரியாதவரிடம் சொல்லி என்ன பயன்?

போன வாரம் பிரீத்தி இணையப் பக்கத்தின் மாதிரியைப் போனில் அனுப்பினாள். என் போட்டோவுக்குக் கீழே சுவரில் உள்ள அதே வாக்கியம். அதற்கும் கீழே, "பல ஆண்டு அனுபவத்தில் சோதித்து அறிந்த உண்மை." படித்ததும் பகீர் என்றது. என் மூஞ்சிக்குக் கீழேயா? சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு எரியோட்டுக்குப் பஸ் ஏறினேன். அண்ணன் இப்போது அங்கேதான் அந்த நர்ஸ் மகள் வீட்டில் இருக்கிறார்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். காது மயிர் மட்டும் குறையவில்லை. கையில் ராடுக்குப் பதில் கைத்தடி.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும்."

அவர் கைத்தடியைப் பார்த்தார். "ஏலே அப்பு, வந்துட்டா பாரு. என்னமோ சொல்லணுமாம்."

"அந்தத் தங்க ராடு. மூணாவது ரிங்கு. எச்சி தொட்டுக் கட்டிப்புட்டேன்ணே. அதுனாலதான் நழுவுச்சு."

"கேட்டியாடா? எச்சியாம்" என்றார் தடியிடம். "வெறும் எச்சியா? உரிச்சுப் பாத்தா உள்நூலு பூராச் செக்கச்செவேல்னு. ராடு வெத்தல போடுமாடா அப்பு? இதைச் சொல்ல இவளுக்கு இம்புட்டு வருசம் ஆயிருக்கு."

எனக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. நான் ஒருத்தியே சுமக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்ததை இந்த மனுஷன் அன்றைக்கே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்!

"தெரிஞ்சும் ஏண்ணே என்னையக் காட்டிக் குடுக்கலை?"

"காட்டிக் குடுத்தா என்னடா ஆகும் அப்பு? தப்பு ஜிகினாவுல இல்ல, இவ வாயிலதான்னு ஆகும். இன்னொண்ணு கட்டுங்கன்னு சின்னவரு சொல்லுவாரு. அது நின்னுட்டா நான் எங்க போறது? எம்மக பீஸுக்கு யாருகிட்டப் போய் நிக்கிறது?"

"காஞ்ச கையில கட்டியிருந்தா நின்னிருக்குமாண்ணே?"

அண்ணன் கைத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்தார். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"எனக்கென்ன தாயி தெரியும்?" என்றார். "நான் ஒரு நாளும் கட்டிப் பாத்ததில்லையே."

டியூட்டிக்குக் கிளம்பியிருந்த மகள் உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்தாள். நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கிற சிரிப்பைப் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு பிபி ஏறிவிடும் என்று என்னைத்தான் அதட்டினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பெண் போட்டிருந்த வெள்ளைக் கோட்டில் என் வெற்றிலைக்கும் ஒரு பங்கு உண்டு என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

பிரீத்தி, உனக்கு நான் தருகிற குறிப்பு இதுதான். சுவரில் உள்ளதை அழிக்காதே, அது சந்தியாகு அண்ணனின் சம்பாத்தியம். ஆனால் என் போட்டோவுக்குக் கீழே "சோதித்து அறிந்த" என்கிற வார்த்தையை மட்டும் எடுத்துவிடு. இல்லை, அது இருந்தே ஆக வேண்டும் என்றால் ஒரு ராடும் ஒரு கண்டு ஜிகினாவும் எடுத்து வை. வியாழக்கிழமை வாரேன். நான் கட்டுகிறேன், உன் புருஷனைப் பூட்டு மாட்டச் சொல். இந்தத் தடவை வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே வருவேன்.